அஞ்சு நிமிஷத்துக்கு வாங்கின கரண்டி

கச்சேரி சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாவது மாடியில், ஏழு மாதமாகக் கடுகே வெடிக்கவில்லை என்று மயிலாப்பூரில் ஒரு பேச்சு. ரசத்தைக் கொதித்த கையோடு இறக்கிவிடுகிறார்களாம். மோர்க்குழம்பு மொட்டையாகத் தட்டுக்கு வருகிறதாம். ஏதோ வேண்டுதல் என்றார் பூக்காரம்மா. டாக்டர் எண்ணெயே ஆகாது என்றுவிட்டார் என்றார் மருந்துக்கடைக்காரர். மாமாவுக்கும் மாமிக்கும் பேச்சுவார்த்தை இல்லை, அதுதான் காரணம் என்று சொன்னவர், தன் வீட்டில் நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத இன்னொரு மாமா.

வேறு யார் வீடாக இருந்தாலும் ஊர் இதைப் பெரிதுபடுத்தியிருக்காது. அது கோமளம் வீடு. கைபேசி வைத்திருக்கிற பாதிப் பேருக்கு அவர் 'தாளிப்பு மாமி'. அடையாறில் அவர் மகள் நடத்தும் சாப்பாட்டுக் கடைக்குப் பெயரே 'தாளிப்பு'. அந்த வீட்டிலேயே தாளிப்பு நின்றுபோச்சென்றால் ஊர் சும்மா இருக்குமா?

போய்ப் பார்த்ததில், பேச்சு பாதி பொய். கடுகு வெடிக்கத்தான் செய்கிறது. மொட்டை மாடியில் வெடிக்கிறது. தினமும் காலை பத்தரை மணிக்குச் சுப்பராமன் மாமா ஒரு கையில் மின்சார அடுப்பும் இன்னொரு கையில் தூக்குச்சட்டியுமாக, ஒயரைத் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டு படி ஏறுகிறார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், துணி காயும் கொடிக்குக் கீழே, எண்ணெய் காய்ந்து கடுகு வெடித்துப் பெருங்காயம் பொரிகிறது. அதைச் சட்டியில் கொட்டி, ஓசை அடங்கும்வரை மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு இறங்குகிறார்.

"சத்தம் அவ காதுல விழப்படாது. விழுந்தா ஆரம்பிச்சுடுவா" என்றார் மாமா.

எதை?

"கதையைத்தான். அவளுக்கே தெரியாம வாய் சொல்ல ஆரம்பிச்சுடறது. போன ஆவணில காஸ் சிலிண்டர் போட வந்தவரை நிக்க வெச்சு முழுக்கச் சொல்லி முடிச்சா. பாவம், அவரும் கடைசில கை தட்டிட்டுப் போனார்."

கோமளத்துக்கு வயது அறுபத்து நாலு. அதில் முப்பத்து மூன்று வருஷத்தைத் தொலைபேசி விசாரணைப் பிரிவில், தலையில் ஹெட்போனோடு கழித்தவர். ஊரில் யாருக்கு எந்த எண் வேண்டுமென்றாலும் அவரைக் கேட்பார்கள். அந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு: கேட்டவர் கேட்டு முடித்த மூன்று விநாடிக்குள் ஏதாவது சொல்லியாக வேண்டும். மேலதிகாரி எந்த நேரமும் குறுக்கே ஒட்டுக் கேட்பார். 'தெரியாது' என்ற சொல்லுக்கு அங்கே இடமே கிடையாது. முப்பத்து மூன்று வருஷம் இப்படி இருந்தால் மனுஷிக்கு என்ன ஆகும்? வீட்டில் "சாவி எங்க?" என்று கேட்டால் "ஃப்ரிட்ஜ் மேல" என்று உடனே பதில் வரும். சாவி அங்கே இருக்கிறதா என்பது வேறு துறை.

சமையலும் வேறு துறைதான். ஷிஃப்ட் வேலையில் அடுப்பங்கரை பக்கமே வர முடியாமல் போனதால், பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்த சுப்பராமன், கல்யாணமான இரண்டாம் மாதமே கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். இன்றுவரை கீழே வைக்கவில்லை. மாமிக்குக் காபி போட வரும். வெந்நீர் வைக்க வரும். அந்த இரண்டுக்கும் நடுவில் வேறு எதுவும் வராது. ஊர் கொண்டாடும் தாளிப்பு மாமி நாற்பது வருஷத்தில் தாளித்தது மொத்தம் மூன்று தடவை. அதில் ஒரு தடவை திரைச்சீலை பற்றிக்கொண்டது.

இப்படிப்பட்டவர் எப்படி இதில் மாட்டினார்?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகள் மஹதி கம்ப்யூட்டர் வேலையை உதறிவிட்டு, அடையாறில் கடை போடுவதாக அறிவித்தாள். சமையல் குறிப்பெல்லாம் அப்பாவுடையது. ஆனால் கடைக்கு முகம் என்று ஒன்று வேண்டுமாம். டிராயிங் மாஸ்டரின் முகம் சரிப்படாது என்று வீடியோ எடுக்கும் செம்பியன் சொல்லிவிட்டான். "அம்மா முகம்னா தனி, சார். நீங்க தப்பா எடுத்துக்காதீங்க." சுப்பராமன் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு அவியலுக்குக் காய் நறுக்க வேண்டியிருந்தது.

படம் பிடிக்கும் நாள். மாமிக்கு ஒன்பது கஜம் கட்டிவிட்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் இரண்டாம் தடவை. மஹதி கடைக்கு ஆள் பார்க்கப் போயிருந்தாள். செம்பியன் அடுப்பங்கரையைச் சுற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"மாமி, இந்த எவர்சில்வர் கரண்டி வேணாம். பழைய இரும்புக் கரண்டி இல்லையா? நீளமா, கறுப்பா?"

இரண்டாவது விநாடியில் மாமி சொன்னார்: "இருக்கே."

வீட்டில் இல்லை. கீழே முதல் மாடியில் வஜீஹா வீட்டில் இருந்தது. மாமி ஒன்பது கஜத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். வஜீஹா பள்ளிக்கூடக் குழந்தைகளுக்குச் சீருடை தைப்பவள். புருஷன் அமீன் ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை வைத்திருக்கிறவர்.

"என்ன மாமி, இந்த வேஷம்?"

"வேஷம்தான். உன் தாளிக்கற கரண்டியைக் கொஞ்சம் குடேன். அஞ்சு நிமிஷம்."

"அஞ்சு நிமிஷம்னா அஞ்சு நிமிஷம். மத்தியானம் பருப்புக்கு பகார் போடணும். இவரு அது இல்லாம தட்டுல கையே வைக்க மாட்டாரு."

ஒரே கட்டடத்தில் அந்த ஒரு காரியத்துக்கு மூன்று பெயர் இருந்தது. வஜீஹாவுக்கு அது பகார். கோமளம் பிறந்த வீடு வைஷ்ணவ வீடு. அங்கே அது திருமாறுவது. புகுந்த வீட்டில் தாளிப்பது. மூன்று பெயருக்கும் ஒரே எண்ணெய், ஒரே கடுகு. தெரு முனையில் ஆட்டோ ஸ்டாண்டில் யாராவது "நேத்து ஓனரு என்னைத் தாளிச்சுட்டார்பா" என்று புலம்பினால் அது நாலாவது கணக்கு.

கேமரா ஓட ஆரம்பித்தது. மாமி கரண்டியை அடுப்பில் காட்டினார். அடுப்புக்குக் கீழே குந்தியிருந்த சுப்பராமன் கையை மட்டும் நீட்டிக் கடுகைப் போட்டார். வெடித்தது. செம்பியன் சும்மா இருக்கக் கூடாதா?

"மாமி, தாளிப்புங்கற வார்த்தை எங்கேர்ந்து வந்தது?"

ஒன்று. இரண்டு. ஹெட்போன் இல்லாத காதில் மேலதிகாரி மூச்சு விடுவது கேட்டது.

"அந்தக் காலத்துல கோயில் மடப்பள்ளில பண்றதை யாரும் ருசி பார்க்கப்படாது. பெருமாளுக்கு அப்புறம்தான் மனுஷா. அப்போ சமையல் முடிஞ்சுதுன்னு வெளில நிக்கறவாளுக்கு எப்படித் தெரியும்? கடைசியாக் கடுகை வெடிக்க விடுவா. அந்தச் சத்தம் கேட்டதும் மடப்பள்ளிக் கதவைச் சாத்தித் தாள் போட்டுடுவா. தாள் போடறதுக்கு முன்னாடி பண்றதால, தாளிப்பு."

அடுப்புக்குக் கீழே சுப்பராமன் வாயைத் திறந்தவர் மூடவில்லை. மடப்பள்ளியில் ருசி பார்க்கமாட்டார்கள் என்பது மட்டும் உண்மை. மிச்சம் எல்லாம் மாமி அந்த இரண்டு விநாடியில் பெற்றுப்போட்டது.

"சூப்பர் மாமி! இந்தக் கரண்டி?"

"எங்க மாமியாரோட மாமியாரோடது."

இந்தப் பதிலுக்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை.

நாற்பத்தொரு விநாடி வீடியோ. ஒரு வாரத்தில் மயிலாப்பூர் பார்த்தது. இரண்டாவது வாரம் மற்ற ஊர்கள். மூன்றாவது வாரம் கடை வாசலிலிருந்து தெருமுனை வரை வரிசை. ஆனால் கடை திறப்பதற்கு முந்தின நாளே, மாமி தப்பிக்கிற கதவுக்குத் தாள் விழுந்துவிட்டது. படம் பிடித்த அன்று சாயங்காலம் மஹதி வீட்டுக்கு வந்தவள், மேஜையில் கிடந்த கரண்டியை எடுத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது.

"அம்மா, இது இன்னும் இருக்கா? சின்ன வயசுல இதுலதான் எனக்குச் சாதத்துக்கு நெய் காய்ச்சி ஊத்துவே. சொய்ங்னு சத்தம் வரும். எனக்கு நன்னா ஞாபகம் இருக்கு."

மஹதி பிறந்தது தொண்ணூற்றிரண்டில். கரண்டி பிறந்தது இரண்டாயிரத்து ஒன்பதில். அமீன் கல்யாணமான புதிதில், பட்டறையில் மிஞ்சிய இரும்புக் கம்பியையும் தகட்டையும் வைத்துப் புதுப் பெண்டாட்டிக்குச் செய்துகொடுத்த முதல் சாமான் அது. கம்பியை வெட்ட மனசு வராமல் கைப்பிடி முழங்கை நீளத்துக்குப் போய்விட்டது. பேர் பொறிக்க ஆசைப்பட்டவர், சிந்தாதிரிப்பேட்டையில் பழைய சாமான் கடையில் வாங்கிய அச்சுப் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒன்றும் நாலும்தான் இருந்தன. இருப்பதை அடித்தார். பதினாலு.

மகளிடம் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்று விநாடி தாண்டிவிட்டது. கடன் வாங்கிக் கடை போட்ட பெண், திறப்புவிழாவுக்கு முந்தின நாள், இல்லாத தன் குழந்தைப் பருவத்தை நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்போது எந்தத் தாய் வாயைத் திறப்பாள்? மறுநாள் கரண்டி அடையாறுக்குப் போனது. கண்ணாடிப் பெட்டிக்குள் மஞ்சள் விளக்குக்குக் கீழே ஏறியது. பக்கத்தில் ஒரு அட்டை: 'இருநூறு ஆண்டு. பதினான்கு தலைமுறையின் குறி பொறித்தது.' இருநூறு வருஷத்தில் பதினாலு தலைமுறை எப்படி முடியும் என்று எந்தக் கணக்கு வாத்தியாரும் இன்றுவரை கேட்கவில்லை. கணக்கு வாத்தியார்களும் அங்கே சாப்பிடத்தான் வருகிறார்கள்.

வஜீஹா மூன்றாவது நாள் வீடியோவைப் பார்த்தாள். தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்த சிரிப்பில் ஊசி ஒடிந்தது. மேலே ஏறி வந்தாள்.

"மாமி, உங்க மாமியாரோட மாமியார் ஈக்காட்டுத்தாங்கல்ல லேத் வச்சிருந்தாங்களா?"

"வஜீஹா, என்னைக் கொன்னு போட்டுடு."

"அதெல்லாம் வேணாம். கரண்டியைக் குடுங்க, போதும். சின்ன வாணலில பகார் போடறேன், காது ஒடிஞ்ச வாணலி, எண்ணெய் பூரா அடுப்புல. இவரு வேற கரண்டி எங்க எங்கன்னு கேக்குறாரு. மாடி வீட்டுல கீதுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"வாங்கித் தந்துடறேன். அஞ்சு நிமிஷம்."

அது இரண்டு வருஷத்துக்கு முன்னால் சொன்ன அஞ்சு நிமிஷம். வஜீஹா யாரிடமும் மூச்சுவிடவில்லை. அவள் தெருவில் நின்று கத்தியிருந்தால் மாமி அன்றே பிழைத்திருப்பார். அவளோ படியில் பார்க்கிற போதெல்லாம் "ஆச்சா மாமி?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனாள்.

இதற்குள் மாமிக்குச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடையாறில் டியூட்டி. செம்பியன் இப்போது வெளியூர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு 'மயிலை ருசி நடை' என்று தெருத் தெருவாக நடத்தி, கடைசியில் அடையாறுக்கு வேனில் கொண்டுவந்து இறக்குகிறான். ஒன்பது கஜம், கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே ஒரு மர நாற்காலி. கூட்டம் வந்து உட்கார்ந்ததும் சமையலறையிலிருந்து கடுகு வெடிக்கும். அது மாமிக்கு மணி. "அந்தக் காலத்துல கோயில் மடப்பள்ளில..." ஒரு நாளைக்குப் பதினோரு தடவை. எதிர் மேஜையில் உட்கார்ந்து சுப்பராமன் தன்னுடைய ரசத்தையே விருந்தாளி மாதிரி வாங்கிக் குடிப்பார். "நாற்பது வருஷம் மாமி கையால சாப்பிட்ட புண்ணியவான் இவர்தான்" என்று செம்பியன் அவரைக் காட்டுவான். அவர் எழுந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்காருவார்.

வீட்டுக்கு வந்தாலும் விடவில்லை. கடுகு எங்கே வெடித்தாலும் மாமி வாய் தானாக ஓட ஆரம்பித்தது. காஸ் சிலிண்டர் சம்பவத்துக்குப் பிறகுதான் மாமா மின்சார அடுப்போடு மொட்டை மாடிக்குக் குடிபோனது.

மாமி தப்பிக்கப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. முதலில் கோட்டூர்புரம் நூலகத்துக்குப் போனார். ஒருவேளை, எப்படியோ, தான் சொன்னது நிஜமாகவே இருந்துவிட்டால்? அப்புறம் பொய் கரண்டியோடு நின்றுவிடுமே. பெரிய அகராதியை இரண்டு கையால் தூக்கி வந்து பிரித்தார். தாளித்தல் என்றால் தாளிதம் செய்வது என்று இருந்தது. தாளிதத்தைப் பார்த்தால் அது தாளிப்பதைக் காட்டியது. இந்த வித்தையை மாமிக்கு முப்பத்து மூன்று வருஷமாகத் தெரியும். இந்த நம்பரில் கேட்டால் அந்த நம்பர், அந்த நம்பரில் கேட்டால் இந்த நம்பர். அகராதி எழுதினவரும் தன்னை மாதிரி ஷிஃப்ட்டில் உட்கார்ந்தவர்தான் என்று நினைத்துக்கொண்டார். பொருள் இருந்தது. எப்படிப் பிறந்தது என்று இல்லை. தாழ்ப்பாளைப் பற்றி எங்கேயும் ஒரு எழுத்து இல்லை.

அங்கேயே இன்னொன்றும் கிடைத்தது. பழைய செய்யுள்களில் தாளிப்புக்குக் 'குய்' என்று பெயராம். மாமி அந்த அமைதியான அறையில் அதை ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். குய். எண்ணெயில் கடுகு விழுகிற மாதிரியே இருந்தது. சிரிப்பு வந்துவிட்டது. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஆறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கையில் ஒரு உண்மை. நேரே அடையாறுக்குப் பஸ் ஏறினார்.

"அம்மா, குய்னு போர்டு மாட்டினா யாரு சாப்பிட வருவா?" என்றாள் மஹதி. "தாழ்ப்பாள் கதைதான் எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. பள்ளிக்கூடத்துல ஒரு டீச்சர் பாடமாவே சொல்லிக் குடுக்கறாளாம். நேத்து வந்து சொன்னா."

அடுத்து மாமி போட்ட திட்டம் திருட்டு. கரண்டியை மாற்றிவிடுவது. தியாகராய நகரில் உஸ்மான் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இரும்புச் சாமான் விற்கும் தங்கபுஷ்பத்திடம் போய், நீளமாக, கறுப்பாக ஒரு தாளிப்புக் கரண்டி வேண்டும் என்றார். முகத்தை முக்காடு போட்டு மறைத்திருந்தார். வெயிலுக்குத்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

"மாமி கரண்டியா? இந்தா கீது பாரு" என்று தங்கபுஷ்பம் ஒரு குவியலைக் காட்டினாள். அத்தனையும் முழங்கை நீளக் கைப்பிடி. ஒவ்வொன்றிலும் '14'.

"இது என்ன நம்பர்?"

"இன்னாக்கா, உனுக்குக் கதை தெரியாதா? மயிலாப்பூர்ல ஒரு மாமி கீது. நானூறு வருசத்துக் கரண்டி வச்சுக்கினு கீது."

"இருநூறு" என்றார் மாமி, வாய் நிற்காமல்.

"உனுக்குத் தெரியுமா, எனுக்குத் தெரியுமா? நானூறு. கோயில் கதவைத் தாள் போடுறதுக்கே இந்தக் கரண்டியைத்தான் குறுக்கால செருவுவாங்களாம். அதான் தாளிப்பு. கேட்டுக்கோ."

தன் கதை தன்னை விட்டுவிட்டுத் தனியாக வளர்ந்து, குறுக்கே கரண்டியைச் செருகிக்கொண்டு நிற்பதை மாமி முக்காட்டுக்குள்ளிருந்து பார்த்தார். ஒரு கரண்டியை வாங்கிக்கொண்டார். அந்தச் சனிக்கிழமை கடை திறக்கும் முன்பே போய்ப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பூட்டு இல்லை, திருகாணி இல்லை. நாலு பக்கமும் மீன் தொட்டிக்குப் போடும் பசை. உடைத்தால்தான் உண்டு. கைப்பையில் போலிக் கரண்டியோடு அதற்குக் கீழேயே உட்கார்ந்து, அன்றைக்கும் பதினோரு தடவை சொன்னார்.

போலியை வஜீஹாவிடம் கொடுத்தார். அவள் கையில் தூக்கிப் பார்த்தாள்.

"தலை லேசு, வாலு கனம். அடுப்புல வச்சா கவுந்துடும். மாமி, என்னோடதை அடுப்புல விட்டுட்டு நான் உள்ள போய் ரெண்டு பட்டன் தச்சுட்டு வருவேன். அசையாது. இவரு அளந்து பண்ணது." போலியைத் திருப்பி மாமி கையில் வைத்தாள். "வர்ற சனிக்கிழமை உங்க கடைக்கு ரெண்டாவது வருசம்னு மஹதி பில்டிங் பூரா கூப்பிட்டிருக்கு. இவரும் வர்றேங்குறாரு. பட்டன் போன் வச்சிருக்கறதால வீடியோவைப் பார்க்காம இருந்தாரு. பார்த்தா உடனே கண்டுபிடிச்சிருவாரு. முன்னாடியே நான் சொல்லிறவா?"

மாமி அந்தக் கரண்டியையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். எண்ணிப் பார்த்தால் பத்து விநாடி இருக்கும். வாழ்க்கையில் அத்தனை நேரம் அவர் பதில் சொல்லாமல் இருந்ததே இல்லை.

"நானே சொல்றேன். எல்லார் எதிர்லயும் சொல்லிடறேன். அன்னிக்கே உன் கரண்டி உன் கைக்கு வந்துடும்."

சனிக்கிழமை வந்தது. கடை நிரம்பி வழிந்தது. செம்பியன் வேனிலிருந்து இருபது பேர் இறங்கினார்கள். அமீன் இஸ்திரி போட்ட சட்டையில், பக்கத்தில் வஜீஹாவோடு, முன்வரிசையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் நிமிர்ந்து பெட்டியைப் பார்த்தார். எழுந்தார். கிட்டே போய்க் கண்ணாடியில் மூக்கு படுகிற மாதிரி நின்றார். உள்ளே கடுகு வெடித்தது. வாய் "அந்தக் காலத்துல" என்று திறந்தது. மாமி அதைக் கையால் பொத்தினார். நிஜமாகவே கையால்.

"நான் ஒண்ணு சொல்லணும்" என்றார். "இந்தக் கதை பொய். கேமரால கேட்டா, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அந்த வார்த்தை எங்கேர்ந்து வந்ததுன்னு எனக்குத் தெரியாது."

'தெரியாது.' அந்தச் சொல்லை வெளியே விட்டதும் முதுகிலிருந்து ஏதோ இறங்கினது போல இருந்தது. மேலே போனார்.

"எனக்குச் சமைக்கவும் தெரியாது. எங்காத்துல சமையல் இவர்தான். இந்தக் கரண்டி எங்களோடதும் இல்லை. இருநூறு வருஷமும் இல்லை. கீழாத்து அமீன், இதோ நிக்கறாரே, அவர் ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைல பண்ணினது. நான் அஞ்சு நிமிஷத்துக்குக் கடன் வாங்கிண்டு வந்தது."

ஒன்று, இரண்டு, மூன்று.

அப்புறம் யாரோ ஒருத்தர் சிரித்தார். பக்கத்து மேஜை சிரித்தது. செம்பியன் குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். கைதட்டல் எழுந்தது, நிற்கவேயில்லை.

"மயிலாப்பூர் நக்கல்னா இதுதான்!" என்று வேனில் வந்த ஒருத்தர் கத்தினார். "என்ன ஒரு அடக்கம்" என்றார் அவர் மனைவி. அமீனைச் சுற்றி நாலு பேர் கைபேசியோடு சூழ்ந்துகொண்டார்கள். "சார், நீங்கதான் பட்டறைக்காரரா நடிக்கிறீங்களா?"

"இன்னாது, நடிக்கிறதா? நான்தான்யா பண்ணேன்! அந்தக் கைப்பிடி வளைவு பாரு, அது என் கை."

"செம நடிப்பு சார்!" படம் எடுத்தார்கள். அமீன் முதலில் முறைத்தார். மூன்றாவது படத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் நேராக நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். ஐந்தாவது படத்தில் சிரித்தார்.

"அம்மா" என்று மஹதி ஓடி வந்து கையைப் பிடித்தாள். மாமி நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவாள், அழுவாள், எதுவானாலும் சரி, நம்பினால் போதும்.

"நீ ஏம்மா இப்படி? எனக்குத்தான் ஞாபகம் இருக்கே. இதுலதானே நெய் காய்ச்சுவே." குரலைத் தாழ்த்தி அப்பாவிடம் திரும்பினாள். "அப்பா, அம்மாவுக்கு மறதி அதிகமாயிண்டு வரது. ஒரு டாக்டரைப் பார்த்துடலாமா?"

சுப்பராமன் ரசத் தம்ளரைக் கீழே வைத்தார். "இல்லேடி, அவ சொல்றது..." என்று ஆரம்பித்தார். அதற்குள் செம்பியன் குறுக்கே வந்துவிட்டான்.

"மாமி, இனிமே இதுதான் க்ளைமாக்ஸ். முதல்ல கதை, அப்புறம் அதே கதை பொய்னு சொல்றீங்க, அப்புறம் அமீன் பாய் எழுந்து நிக்கிறாரு. வாரா வாரம் வந்துருங்க பாய், சாப்பாடு நம்ம கணக்கு."

அமீன் பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "வஜீ, பதினஞ்சு வருசமா எத்தினி பம்ப்புக்கு ஷாஃப்ட் கடஞ்சு குடுத்துக்கீறேன். ஒருத்தனாவது லைட் போட்டுக் கண்ணாடிக்குள்ள வச்சானா? இருக்கட்டும் உடு. உனுக்கு நான் வேற பண்ணித் தரேன்."

"எனக்கு அதுதான் வேணும்" என்றாள் வஜீஹா. மொத்தக் கடையில் சிரிக்காமல் இருந்தவள் அவள் ஒருத்திதான். அவள் பார்த்தது அமீனை அல்ல. மாமியை.

இப்போது சனிக்கிழமைகளில் மாமிக்கு இரண்டு வசனம். முதலில் பொய்யைச் சொல்கிறார், கை தட்டுகிறார்கள். அப்புறம் உண்மையைச் சொல்கிறார், இன்னும் பலமாகத் தட்டுகிறார்கள். சுப்பராமன் வழக்கம்போல எழுந்து கும்பிடு போடுகிறார். அமீனுக்கு ஒரு தோல் ஏப்ரன் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள், பட்டறையில் அவர் போட்டே அறியாதது. வேற கரண்டி இன்னும் வரவில்லை. வாரக் கடைசியில் அவருக்குப் பட்டறைக்குப் போக நேரமில்லை.

மற்ற நாளில் மத்தியானம் பன்னிரண்டே காலுக்கு மாமி முதல் மாடிக்கு இறங்கிப் போகிறார். வஜீஹா காது ஒடிந்த வாணலியை அடுப்பில் வைக்க, மாமி இடுக்கியால் அதன் விளிம்பைக் கவ்விக் கவிழாமல் பிடித்துக்கொள்கிறார். எண்ணெய் காய்கிறது, கடுகும் சீரகமும் மிளகாயும் விழுகின்றன. அங்கே அதற்குப் பெயர் பகார். மாமியின் வாய் அங்கே மட்டும் சும்மா இருக்கிறது. வஜீஹா பருப்பில் கொட்டி மூடுகிறாள்.

இடுக்கியைக் கழுவி வைத்துவிட்டு மாமி வாசலுக்கு வந்து செருப்பை மாட்டுவார். அப்போதுதான் வஜீஹா தையல் மெஷினில் உட்கார்ந்தபடி, தலை நிமிராமல் கேட்பாள்.

"என் கரண்டி?"

"அஞ்சு நிமிஷம், வஜீஹா."